லாரிச் சாலை முடியும் இடம் வரை

நவம்பர் 6, ரெவெல்ஸ்டோக்

ஸ்னோமொபைல் (இங்கே நாங்கள் ஸ்லெட் என்போம்) வாங்கியே தீருவது என்று நானும் தங்கையும் முடிவெடுத்துவிட்டோம். நல்ல பனிச்சறுக்கு வேண்டுமென்றால் ரோஜர்ஸ் கணவாய் பக்கத்திலேயே இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் காரை நிறுத்தி, ஸ்கீயின் அடியில் ஏறுபட்டையை ஒட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினால் போதும். அது கிளேசியர் தேசியப் பூங்கா. அங்கே ஸ்லெட்டுக்கு அனுமதியும் இல்லை, தேவையும் இல்லை. ஆனால் புயலுக்குப் பிறகு நெடுஞ்சாலையைக் காக்க ராணுவம் 105 மில்லிமீட்டர் பீரங்கியால் சுட்டுப் பனிச்சரிவுகளை இறக்கும். அப்போது பல சரிவுகள் மூடப்படும். திறந்திருக்கும் சில இடங்களில் எல்லோரும் போய்க் குவிகிறோம்.

ஊரைச் சுற்றியுள்ள மற்றப் பள்ளத்தாக்குகள் அப்படியில்லை. கோப்லேண்ட் மலையில் 1971–72 குளிர்காலத்தில் 24 மீட்டருக்கு மேல் பனி பொழிந்தது, கனடாவின் பதிவேடுகளில் அதுதான் உச்சம். அத்தனை பனிக்கும் நமக்கும் நடுவே கிடப்பது மரம் வெட்டும் லாரிகளுக்காகப் போட்ட சாலை. குளிர்காலத்தில் அதை யாரும் வாருவதில்லை. பதினைந்து, இருபது கிலோமீட்டர் தட்டையாகப் போய்க்கொண்டே இருக்கும். நடந்தால் பகல் முழுதும் அதிலேயே தீர்ந்துவிடும். அந்தச் சாலையைக் கடக்கத்தான் எங்களுக்கு வண்டி வேண்டும், மலையேற அல்ல. மலையேறக் கால்கள் இருக்கின்றன.

நவம்பர் 14

தங்கைக்கு 165 அங்குல டிராக் (அடியில் சுழன்று வண்டியைத் தள்ளும் பட்டை), அதில் 3 அங்குலப் பல், டர்போ. குறைந்து எதுவும் வேண்டாமாம். “அக்கா, வாங்குறது ஒரே தடவை. பெருசாவே வாங்கிடலாமே.”

டிராக் நீளமானால் பொடிப்பனியில் வண்டி மிதக்கும், செங்குத்தில் ஏறும், உண்மைதான். ஆனால் மரங்களுக்கு நடுவே குறுகிய இடத்தில் அதைத் திருப்புவது வேறு கதை. 146 அங்குலம் சுலபமாகத் திரும்பும். புதுப்பனி இடுப்பளவு விழுந்தால் புதைந்துவிடும். எங்கள் வேலைக்கு 154 சரி என்பது என் கட்சி.

டர்போவைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். சாதாரண எஞ்சின் ஒவ்வொரு முந்நூறு மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ மூன்று சதவீத வலுவை இழக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவதுதான் காரணம். கொலராடோவில் மூவாயிரம் மீட்டருக்கு மேல் ஓட்டுபவருக்கு அந்த இழப்பு பெரிது. அங்கே டர்போவுக்குப் பொருள் உண்டு. எங்கள் ஊர் 480 மீட்டரில் இருக்கிறது. நாங்கள் வண்டியை விட்டு இறங்கும் இடம் பெரும்பாலும் 1,500 மீட்டரைத் தாண்டாது. 165 குதிரைத்திறன் அங்கே 140 ஆகக் குறைந்தாலும் சாலையில் போக அது மிக அதிகம்.

நவம்பர் 21

இரண்டு பேர் எப்படிப் போவது என்பதுதான் நாங்கள் நாளெல்லாம் பேசியது. மலை ஸ்லெட்டுகளை ஒருவருக்காகவே செய்கிறார்கள். இரண்டு பேர் உட்காரும் ஸ்கேண்டிக் போன்ற வேலைவண்டிகள் உண்டு. 20 அங்குலம், 24 அங்குலம் என்று டிராக் அகலமாக இருக்கும், சுமை தாங்கும். பின்லாந்திலோ கியூபெக்கிலோ சமவெளிக் காட்டில் வாழ்பவராக இருந்தால் வேறு எதையும் பார்க்கவே மாட்டேன். இங்கே சாலையின் குறுக்கே பனி சரிந்து கிடக்கும். பக்கவாட்டுச் சரிவில் வண்டியை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டே கடக்க வேண்டும். அகலமான கனவண்டி அங்கே கீழ்ப்பக்கம் வழுக்கும்.

ஆகவே மலை ஸ்லெட், பின்னால் கயிறு. ஒருத்தி ஓட்ட, மற்றவள் ஸ்கீயில் நின்று கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து வர வேண்டியது. கயிறு நீளமாக இருக்க வேண்டும். உடம்பில் கட்டவே கூடாது. விழுந்த கணத்தில் கை விட்டுவிட வேண்டும். டிராக் வாரியிறைக்கும் பனிக்கட்டி முகத்தில் அடிக்கும் என்பதால் பின்னால் வருபவளுக்கும் ஹெல்மெட்.

நவம்பர் 29

பக்கத்து வீட்டு மெக்கானிக்கோடு ஒரு மாலை. விளம்பரங்களில் கண்ணில் படாத ஒரு விஷயத்தை அவர் தொட்டுக் காட்டினார். மலை ஸ்லெட்டில் காருக்கு இருப்பதுபோன்ற ரேடியேட்டர் முன்னால் கிடையாது. டிராக்குக்கு மேலே, வண்டியின் உடம்புக்கு அடியில் வெப்பமாற்றி இருக்கிறது. டிராக் அள்ளி வீசும் பனிதான் அதைக் குளிர்விக்கிறது. டிராக் வழுக்கி ஓடும் பிளாஸ்டிக் பட்டைகளுக்கு மசகும் அதே பனிதான். பொடிப்பனியில் கவலையில்லை. பலர் ஓடி இறுகிய லாரிச் சாலையில் அள்ள எதுவும் இல்லை. எஞ்சின் சூடேறும், பட்டை உருகும். எங்களைப் போன்றவர்களின் பயணத்தில் பெரும்பகுதி அந்த இறுகிய சாலைதான்! தரையைக் கீறிப் பனித்துகளை மேலே எறியும் கம்பிச் சுருள்களைக் கட்டாயம் பொருத்தச் சொன்னார். 3 அங்குலப் பல் இந்தச் சாலையில் வீண் தேய்மானம், 2.5 போதும் என்றும் சொன்னார். தங்கை அவர் சொன்னதும் ஒப்புக்கொண்டாள்.

ஸ்டார்ட்டரில் இன்னொரு நுணுக்கம். எடை குறைக்க ஸ்கீ-டூ வண்டிகள் சிலவற்றில் பேட்டரி இல்லை. முதல் முறை கயிறு இழுத்துக் கிளப்பினால் ஒரு மின்தேக்கி சார்ஜ் ஏறிக்கொள்ளும். அடுத்த தடவை பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் நிறுத்தி அரை மணிக்குள் கிளப்ப வேண்டும். நாளெல்லாம் வண்டியிலேயே இருப்பவருக்கு அருமையான ஏற்பாடு. நாங்கள் ஐந்தாறு மணி நேரம் வண்டியை விட்டுவிட்டு மலையில் இருப்போம். களைத்துத் திரும்பி, விறைத்த கையால் கயிறு இழுக்க வேண்டிவரும். கூடுதல் எடையைச் சுமந்தாலும் எங்களுக்குப் பேட்டரி ஸ்டார்ட்டர்தான்.

டிசம்பர் 5

வெளியே கொட்டுகிறது. ஸ்கீ-டூவை உருவாக்கிய ஜோசப்-அர்மான் பொம்பார்டியேயின் வாழ்க்கையைப் படித்துக்கொண்டிருந்தேன். 1934 குளிர்காலத்தில் கியூபெக்கின் வால்கூர் ஊரில் சாலைகள் பனியில் மூடிக் கிடக்க, குடல்வால் நோயால் துடித்த அவருடைய இரண்டு வயது மகனை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியவில்லை, பிள்ளை இறந்துபோனான். பனியில் ஓடும் வண்டிகளை அவர் அதற்கு முன்பே செய்துகொண்டிருந்தவர்தான். 1937இல் டிராக்கையும் பல்சக்கரத்தையும் இணைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பலர் உட்காரும் அவருடைய வண்டிகள் மருத்துவர்களையும் தபாலையும் பள்ளிப் பிள்ளைகளையும் சுமந்தன. விளையாட்டாக ஓட்டும் ஸ்கீ-டூ வந்தது 1959இல். படித்து முடித்தபோது நெஞ்சு கனத்தது.

டிசம்பர் 9

வண்டி இருக்கிறது என்பதற்காக எங்கும் போய்விட முடியாது. தெற்கு மலைக் கரிபு மான்கள் குளிர்காலத்தில் உயரத்துக்கு ஏறி, ஆழ்பனியின் மேல் நின்று மரங்களில் தொங்கும் பாசியைத் தின்று பிழைக்கின்றன. ஓநாய் எளிதில் வர முடியாத அந்த ஆழ்பனிதான் அவற்றுக்குக் காப்பு. ஸ்லெட் இறுக்கிப் போட்ட தடம் ஓநாய்க்கு ராஜபாட்டை ஆகிவிடுகிறது. 2009 முதல் மாகாண அரசு பல பகுதிகளை ஸ்லெட்டுகளுக்கு மூடியிருக்கிறது. அந்த எல்லைகளை வரைபடத்தில் சிவப்பில் குறித்து வைத்தோம். இரண்டு அழகான பள்ளத்தாக்குகள் பட்டியலிலிருந்து போயின. போகட்டும், மானுக்கு வேறு இடமில்லை, எங்களுக்கு உண்டு.

டிசம்பர் 14

பழைய வண்டி ஒன்றைப் பார்த்தோம். 850 சிசி, டர்போ இல்லை, 154 அங்குலம், பேட்டரி ஸ்டார்ட்டர். விற்பவர் நாங்கள் வருமுன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தார். ஆறட்டும் என்று காத்திருந்தோம். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. மெக்கானிக் இரண்டு சிலிண்டரிலும் அழுத்தம் அளந்தார், ஏறக்குறைய சமம். வெப்பமாற்றியில் நசுங்கல் இருக்கிறதா, முன்னால் ஸ்கீகளைத் தாங்கும் கைகள் வளைந்திருக்கின்றனவா, டிராக்கில் பல் பெயர்ந்திருக்கிறதா என்று தங்கை படுத்துப் பார்த்தாள். பிறகு நாங்கள் இருவரும் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்திப் பார்த்தோம். பெட்ரோலோடு கால் டன்னுக்குக் குறையாது. புதைந்தால் தோண்டி எடுக்கப்போவது நாங்கள் இருவர்தான். இந்தச் சோதனையை எல்லோரும் செய்ய வேண்டும் என்பேன். நகர்ந்தது. வாங்கிவிட்டோம்.

பதிவு எண் தகடு மாற்ற வேண்டும். இந்த மாகாணத்தில் அரசு நிலத்தில் ஓட்ட 2015 முதல் அது கட்டாயம்.

ஜனவரி 11

அவலாஞ்ச் கனடாவின் பனிச்சரிவு அறிக்கையைப் பார்த்து, அபாயம் குறைவு என்றபின்தான் புறப்பட்டோம். கயிற்று ஏற்பாடு நன்றாக வேலை செய்தது. சுருள்கம்பிகளை இறக்கிவிட்டதும் எஞ்சின் வெப்பம் மட்டுப்பட்டது.

வண்டியை எங்கே நிறுத்துவது என்பதில்தான் நேரம் எடுத்துக்கொண்டேன். 2010 மார்ச் 13 அன்று ஊருக்குப் பக்கத்து போல்டர் மலையில், சரிவின் அடியில் கூட்டமாய் நின்றவர்கள்மேல் பனி இறங்கியது. இருவர் இறந்தார்கள், பலர் காயம்பட்டார்கள். பனிச்சரிவு ஓடி நிற்கும் இடம் தட்டையாக, வண்டி நிறுத்த வசதியாகத்தான் தெரியும். நாங்கள் முதலில் பார்த்த இடத்துக்கு மேலே மரங்களின் ஒருபக்கக் கிளைகள் முறிந்திருந்தன. “இங்க வேணாம்” என்று தங்கையே சொன்னாள். அரை கிலோமீட்டர் பின்வாங்கி, முதிர்ந்த காட்டுக்குள் வண்டியைத் திருப்பி, முகம் ஊர்ப்பக்கம் பார்க்க நிறுத்தினோம்.

மாலையில் பொத்தானை அழுத்தியதும் எஞ்சின் கிளம்பியது. போகவர டேங்கில் பாதிக்குக் கீழேதான் செலவு. இருந்தாலும் பத்து லிட்டர் கேன் ஒன்று பின்னால் கட்டியே வைக்கப்போகிறோம். மாற்று டிரைவ் பெல்ட் ஒன்று போதாது, இரண்டு வேண்டும் என்கிறாள் தங்கை. திங்கட்கிழமை வாங்கிவிடலாம்.