உயரத்திலிருந்து கெய்ரோ

ஒரு மாநகரின் தெருக்களில் எத்தனை நாள் நடந்தாலும் அதன் முழு உருவம் நமக்குப் புலப்படுவதில்லை. சற்று உயரமான ஓர் இடத்தில் நின்று பார்க்கும்போதுதான் எது பழையது, எது புதியது, எது எதனோடு சேர்ந்திருக்கிறது என்பது தெளிவாகிறது. சுற்றுப்புறங்களையும் சேர்த்தால் இரண்டு கோடிக்கும் அதிகமான மக்கள் வாழும் கெய்ரோ விடயத்தில் இது முற்றிலும் உண்மை. 'ஆயிரம் மினாராக்களின் நகர்' என்று அதற்கு ஏன் பெயர் வந்தது என்பதைத் தரையில் நின்று அறிந்துகொள்ள முடியாது.

முதலில் செல்ல வேண்டிய இடம் கோட்டை. ஸுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபி 1176இல் முகத்தம் மலையின் ஒரு முனையில் இதைக் கட்டத் தொடங்கினார். கோட்டைக்குள் இருக்கும் முஹம்மத் அலி பள்ளிவாசல் மிகவும் பிந்தியது. அதன் கட்டட வேலை 1830இல் ஆரம்பமானது. பள்ளிவாசலின் அருகிலுள்ள மேடையில் நின்றால் ஸுல்தான் ஹஸன் பள்ளிவாசலும் ரிபாஈ பள்ளிவாசலும் காலடியில் கிடப்பது போலத் தோன்றும். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இவ்விரண்டுக்கும் இடையே ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி உண்டு. காற்றில் தூசி குறைந்த நாட்களில் தொலைவில் கீஸா பிரமிட்டுகளும் தென்படும். இக்காட்சி மேற்குத் திசையில் இருப்பதால் காலையில் செல்வதே நல்லது. அப்போது வெயில் முதுகுப்பக்கம் இருக்கும்; கண் கூசாது.

இரண்டாவது, இப்னு தூலூன் பள்ளிவாசல். இது 879இல் கட்டி முடிக்கப்பட்டது. கெய்ரோ நகர் உருவாகியதோ 969இல்! நகரை விட வயது கூடிய பள்ளிவாசல் இது. இதன் மினாராவின் படிகள் வெளிப்புறமாகச் சுற்றிச் செல்கின்றன. ஏற அனுமதி கிடைத்தால், பிள்ளைகளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். அஸருக்குப் பின் இங்கிருந்து பார்த்தால் கோட்டை முழுவதும் மாலை வெயிலில் பொன்னிறமாகத் தெரியும்.

நைல் நதியைப் பார்க்க விரும்புவோர் ஜஸீராத் தீவிலுள்ள கெய்ரோ கோபுரத்துக்குச் செல்லலாம். 1961இல் கட்டி முடிக்கப்பட்ட இதன் உயரம் 187 மீற்றர். மின்தூக்கி இருப்பதால் வயோதிபர்களுக்கும் சிரமமில்லை.

எனினும் குடும்பத்தோடு செல்பவர்களுக்கு மிகப் பொருத்தமான இடம் அல்-அஸ்ஹர் பூங்கா என்பேன். ஏறத்தாழ 30 ஹெக்டயர் பரப்புள்ள இந்தப் பசுமையான மேடு இயற்கையான குன்றல்ல. சுமார் ஐந்நூறு வருடங்களாக நகர மக்கள் கொட்டிய குப்பையும் இடிபாடுகளும் சேர்ந்து உயர்ந்த மேடு அது. ஆகா கான் அறக்கட்டளை அதைச் சீர்செய்து 2005இல் பூங்காவாகத் திறந்து வைத்தது. வேலையின்போது குப்பைக்குள் புதைந்து கிடந்த ஐயூபிகள் காலத்து நகர மதிலும் வெளிப்பட்டது. அதோடு நின்றுவிடாமல், மதிலை ஒட்டிய தர்புல் அஹ்மர் என்ற ஏழைக் குடியிருப்பின் வீடுகளைத் திருத்தவும், இளைஞர்களுக்குத் தொழில் பழக்கவும், சிறு கடன் வழங்கவும் ஏற்பாடு செய்தார்கள். மேலே அழகிய பூங்காவும் கீழே இடிந்து விழும் வீடுகளுமாக விட்டிருந்தால் அந்த அழகு பாதி அழகாகவே இருந்திருக்கும்.

இங்கே மாலையில் செல்லுங்கள். பழைய நகரின் மினாராக்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கும். மஃரிபுடைய பாங்கு ஒரு திசையில் எழ, அடுத்தடுத்து எல்லாத் திசைகளிலிருந்தும் அது கேட்கும்.

சகோதரிகளே, உயரத்தில் நிற்பவருக்கு ஓர் ஒழுக்கமும் உண்டு. கெய்ரோவின் மொட்டைமாடிகள் வெறும் கூரைகளல்ல. அங்கே புறாக்கூடுகள் உண்டு, கொடியில் உடுப்புகள் காயும், பெண்கள் வேலை செய்வார்கள். அதனால்தான் மினாராவில் ஏறும் முஅத்தின் அயல் வீடுகளின் பக்கம் பார்வையைச் செலுத்தக் கூடாது என்று அக்கால ஹிஸ்பா நூல்கள் விதித்தன. இன்று கைத்தொலைபேசியில் படம் பிடிக்கும் நமக்கு அந்த விதி இன்னும் கூடுதலாகப் பொருந்தும். நகரைப் பாருங்கள், வானத்தைப் பாருங்கள், பிள்ளைகளுக்கு வரலாற்றைச் சொல்லிக் கொடுங்கள். பிறர் வீட்டு முற்றத்தை மட்டும் அவர்களுக்கே விட்டுவிடுங்கள்.