தேவிகுளத்தில் இரு மொழிகள்

போடிமெட்டு ஏறிப் பூப்பாறை வழியாக அண்மையில் தேவிகுளம் சென்றிருந்தோம். வழிநெடுகத் தேயிலைத் தோட்டங்கள்; கொழுந்து பறிப்போரிடம் கேட்டதெல்லாம் தமிழே. 1956 நவம்பர் 1ஆம் நாள் பிறந்த கேரள மாநிலத்தில் இவ்வட்டமும் அடங்கியது. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம் என்றாயிற்று.

எம்மை உபசரித்த முதியவர் ஒரு கடிதத்தைக் காட்டினார். ஓய்வூதியம் பற்றியது. மலையாளத்தில் இருந்தமையால் விடுதியில் படிக்கும் பேத்தி வரும்வரை பெட்டியில் கிடந்ததாம். படித்தபோது பதிலளிக்கும் நாள் கடந்துவிட்டது. தமிழில் எழுத 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் இடந்தருகிறது. ஆயினும், அவ்வுரிமையைக் கேட்கவும் எதிரிலிருப்பவர் மொழி சிறிது வேண்டியிருக்கிறதே!

பேத்தி கற்ற முறை எளியது. தெரிந்த தமிழிலிருந்தே தொடங்கினாள். மலை 'மல' ஆகும்; தலை 'தல' ஆகும். வந்தேன், வந்தாய், வந்தான் அனைத்துக்கும் 'வந்நு' ஒன்றே போதும். நம் ககரம் ஒன்றுக்கு அங்கே நான்கு எழுத்துகள். அவைதாம் அவளை வருத்தின. நெருங்கிய மொழியில் இடறலும் உண்டு. முன்னொருநாள் விருந்தினர் 'வெள்ளம்' கேட்க, தாத்தா ஓடையை எட்டிப் பார்த்தாராம். அவர் கேட்டதோ குடிநீர்!

அயலூரில் குடியேறிய நம் இல்லங்களில் புதுமொழி நுழைந்ததும் தமிழுக்கு விடைகொடுத்துவிடுகிறோம். அப்பெண்ணோ மலையாளக் கடிதத்தைத் தாத்தாவுக்குத் தமிழில் படித்துக் காட்டுகிறாள்.

விடுமுறை நாள்களில் அவரும் அவளிடம் எழுத்துக் கற்கிறார். யாம் விடைபெற்றபோது மலையாள ழகரத்தை எழுதிக்கொண்டிருந்தார்; ஒலிக்க மட்டும் அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.