சமம் என்றால் ஒன்றே என்று ஆகுமா?

கம்ப்யூட்டருக்குத் தமிழில் கணினி என்று பெயர். கணக்குப் போடுவது என்று பொருள். பிரெஞ்சில் அதை 'ஒர்தினாத்தேர்' என்பார்கள். ஒழுங்குபடுத்துவது என்று பொருள். 1955-இல் ஐபிஎம் நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை தன் புது இயந்திரத்துக்குப் பெயர் தேடியபோது, ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் எடுத்துக் கொடுத்த சொல் அது. உலகை ஒழுங்கில் வைக்கும் கடவுளைக் குறிக்க வழங்கிய பழைய சொல். பிரெஞ்சுப் பள்ளியில் படித்துவிட்டு, பிறகு அரசு அலுவலகத்தில் பட்டியல் எழுதியே காலம் கழித்த எனக்கு, இந்த இரண்டு பெயர்களில் பிரெஞ்சுப் பெயர்தான் பொருத்தமாகப் படுகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கல்லூரியில் ஜாவா படிக்கும் என் பேத்தியிடம் சமீபத்தில் நானும் கொஞ்சம் பாடம் கேட்டுக்கொண்டேன். 1998-இல் ஜாவாவில் சேர்ந்த 'கலெக்‌ஷன்ஸ்' என்ற பகுதியில், பொருள்களை வரிசைப்படுத்த இரண்டு வழிகள் உண்டாம். முதல் வழி கம்பாரபிள். ஒரு பொருள் தன் இனத்தைச் சேர்ந்த இன்னொன்றுக்கு முன்னதா பின்னதா என்பதைத் தானே சொல்லும். எண்களுக்கும் தேதிகளுக்கும் இந்த இயல்பான வரிசை உண்டு. இரண்டாவது வழி கம்பாரேட்டர். பொருளுக்கு வெளியே ஒருவர் நின்று, இரண்டு இரண்டாக எடுத்து ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வார். விடை எதிர்மறை எண்ணாக வந்தால் முதலாவது முந்தியது, நேர்மறையானால் பிந்தியது, பூஜ்யம் வந்தால் இரண்டும் சமம்.

அலுவலகத்தில் நாம் செய்ததும் இதுதானே? அதே ஊழியர்களைச் சம்பளப் பட்டியலில் ஒரு வரிசையிலும், சீனியாரிட்டி பட்டியலில் வேறு வரிசையிலும், ஓய்வு பெறும் தேதிப்படி இன்னொரு வரிசையிலும் எழுதினோம். ஆட்கள் மாறவில்லை. கேள்வி மாறியது.

வம்பு அந்தப் பூஜ்யத்தில்தான் இருக்கிறது. நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும் என்று எங்கள் பென்ஷன்காரர்களுக்கு வருடாவருடம் போன் செய்து ஞாபகப்படுத்துவோம். வயதில் மூத்தவரை முதலில் கூப்பிடலாம் என்று, பிறந்த தேதிப்படி பட்டியல் போட்டுத் தரச் சொன்னேன். பேத்தி 58 பேரை உள்ளே கொடுத்தாள். வெளியே வந்தவர்கள் 41 பேர்!

"மீதிப் பேர் எங்கேம்மா?" என்றேன்.

சற்று நேரம் திரையையே பார்த்துவிட்டு, "தாத்தா, உங்க ஃப்ரெண்ட்ஸ்ல இத்தனை பேர் எப்படி ஒரே நாள்ல பிறந்தாங்க?" என்றாள்.

காரணம் உங்களுக்கே தெரியும். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். வாத்தியார் ஒரு தேதியை எழுதிக்கொண்டார். மேரியில் பிறப்பைப் பதிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு உண்மைத் தேதி இருந்தது. மற்றவர்களில் பாதிப் பேர் ஜூன் மாதத்துப் பிள்ளைகள்தான். அவள் பயன்படுத்திய ட்ரீசெட் என்ற அமைப்பு, கம்பாரேட்டர் சமம் என்று சொல்லிவிட்டால் இரண்டும் ஒரே பொருள் என்று முடிவு கட்டிவிடும். ஒருவரை வைத்துக்கொண்டு, அதே தேதியில் பிறந்த அடுத்தவரைச் சத்தம் இல்லாமல் விட்டுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. அந்தப் பட்டியலை நம்பி இருந்தால் 17 பேருக்குப் போன் போயிருக்காது. அதில் யாராவது சான்று கொடுக்க மறந்திருந்தால் பென்ஷன் நின்றிருக்கும்.

பேத்தி ஒரே வரியில் சரிசெய்தாள். தேதி ஒன்றானால் பெயரைப் பார். பெயரும் ஒன்றானால் பென்ஷன் எண்ணைப் பார். எண் இருவருக்கு ஒன்றாக இருக்க முடியாது. 58 பேரும் திரும்பி வந்தார்கள்.

பெயர்ப்படி வரிசை என்பதும் லேசான காரியம் இல்லை. கமலா முதலில் வருவாரா, கனகா வருவாரா? நம் அகராதியில் 'ன' கடைசி மெய். ஆகவே கமலாதான் முதலில். யூனிகோடு எண் வரிசையில் 'ந'வுக்கு அடுத்தே 'ன' உட்கார்ந்திருப்பதால், இயந்திரம் தன் போக்கில் கனகாவை முன்னே தள்ளும். தமிழ் முறை வேண்டுமென்றால் நாம்தான் விதி எழுதிக் கொடுக்க வேண்டும். பிரெஞ்சிலும் ஒரு வேடிக்கை உண்டு. எழுத்தெல்லாம் ஒன்றாக இருந்து மேலே போடும் குறிகள் மட்டும் வேறுபடும் சொற்களைப் பழைய அகராதி முறையில் வரிசைப்படுத்தும்போது, குறிகளைச் சொல்லின் கடைசியிலிருந்து பின்னோக்கி ஒப்பிடுவார்கள். ஜாவாவின் பிரெஞ்சு விதியில் இதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொன்னாள். பட்டியலை வரிசைப்படுத்தும்போது இருவர் சமமாக வந்தால், முன்பு யார் முதலில் இருந்தாரோ அவரே முதலில் நிற்பார். இதற்கு 'ஸ்டேபிள்' என்று பெயராம். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே நாமும் இதை நம்பி வேலை பார்த்தோம். சீட்டுகளை முதலில் பெயர்ப்படி அடுக்கி, பிறகு அந்த வரிசை கலையாமல் தேதிப்படி பிரித்தால், ஒரே தேதிக்காரர்கள் பெயர் வரிசையிலேயே கிடைப்பார்கள்.

நல்ல குணம்தான். ஆனால் இதைக் கேட்டதும் எனக்கு வேறு இருவர் ஞாபகம் வந்தது. ஒரே ஆணையில், ஒரே நாளில், ஒரே அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். தேதி ஒன்றானால் அடுத்து எதைப் பார்ப்பது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. தட்டச்சு செய்தவர் எந்தப் பெயரை முதலில் அடித்தாரோ, அந்த வரிசையே வருடக்கணக்காகப் பட்டியலுக்குப் பட்டியல் நகலாகி வந்தது. பதவி உயர்வுக்கு ஒரே ஓர் இடம் காலியானபோது மேலே இருந்தவர் போனார். கீழே இருந்தவர் சேர்ந்த பதவியிலேயே ஓய்வு பெற்றார். கடைசி வரை அவர் கேட்டது ஒன்றுதான்: "நான் எதுல குறைஞ்சேன்னு சொல்லுங்க, போதும்." சொல்வதற்கு யாரிடமும் எதுவும் இல்லை. அவர் எதிலும் குறையவில்லை.

சமம் என்று எழுதுவதோடு விதி எழுதுகிறவரின் வேலை முடிவதில்லை. சமமானவர்களை என்ன செய்வது என்பதையும் அவரே எழுதிவைக்க வேண்டும். எழுதாமல் விட்டால், ஒரு பட்டியல் ஆளைத் தொலைத்துவிடும். இன்னொரு பட்டியல் தற்செயலாக விழுந்த வரிசையைத் தலையெழுத்தாக்கிவிடும்.