கொலுசு இறுகும் சாயங்காலம்

காலையில் சரியாக இருக்கும் கால் சாயங்காலமானால் கனக்கிறது. கொலுசு தோலில் பதிந்து தடம் விடுகிறது. கணுக்கால் பக்கம் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து, நிரம்பக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணிக்கு இப்படி ஆனால் வீட்டில் முதலில் எழும் பயம் கிட்னிதான். பக்கத்து வீட்டு அக்கா நீர்முள்ளிக் கஷாயம் சொல்வார். மகன் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்பான். போன தடவை டாக்டரிடம் போனபோது பிரஷர் மாத்திரை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆனது யாருக்கும் நினைவுக்கு வராது.

அந்த மாத்திரை பெரும்பாலும் அம்லோடிபின். விலை குறைவு, ஒரு நாளைக்கு ஒன்று போதும், பிரஷரை நன்றாக இறக்கும். அதனால்தான் அரசு ஆரம்ப சுகாதார நிலையம் முதல் தனியார் கிளினிக் வரை எங்கும் எழுதித் தருகிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வந்து சேருகின்றன. அம்லோடிபின் சின்னத் தமனிகளை விரிக்கிறது. சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. மடையை அகலத் திறந்துவிட்டு வடிகாலை அப்படியே விட்டால் வயலில் தண்ணீர் நிற்குமே, அதுபோல நுண்ணிய ரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடி நீர் கசிந்து கணுக்காலில் தேங்குகிறது. அளவு கூடினால் வீக்கமும் கூடும். பெண்களுக்கு இது அதிகம்.

உடம்பில் உப்போ நீரோ கூடியதால் வந்த வீக்கம் இல்லை என்பதால், நீர் பிரியும் மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாது. ஆனாலும் பலருக்கு அதுதான் எழுதப்படுகிறது. பிறகு ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து போக வேண்டியிருக்கிறது. சோடியமும் பொட்டாசியமும் இறங்குகின்றன, தலை சுற்றுகிறது, வயதானவர்கள் பாத்ரூமில் வழுக்கி விழுகிறார்கள். முதல் மாத்திரையின் அளவைக் குறைத்திருந்தாலோ, சிரைகளையும் விரிக்கும் டெல்மிசார்டான் போன்ற ஒன்றைச் சேர்த்திருந்தாலோ இத்தனையும் வந்திருக்காது.

இருமல் கதை இன்னும் நீளம். எனலாப்ரில், ராமிப்ரில் வகை பிரஷர் மாத்திரை சாப்பிடும் சிலருக்குச் சளியே இல்லாத வறட்டு இருமல் வரும். தொண்டையில் ஏதோ உறுத்துவது மாதிரி இருக்கும், படுத்தால் கூடும். சிரப், ஆவி, மார்பு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை என்று மாதங்கள் ஓடும். காரணம் இந்த மாத்திரைகள் பிறந்த கதையிலேயே இருக்கிறது. பிரேசிலில் வாழும் ஜரராகா என்ற விரியன் பாம்பின் விஷம் பிராடிகினின் என்ற பொருளின் வேலையைப் பெருக்குவதை செர்ஜியோ ஃபெரேரா 1960களில் கண்டறிந்தார். அந்த வழியில் பிறந்ததுதான் 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கேப்டோப்ரில். எனலாப்ரிலும் ராமிப்ரிலும் அதன் வாரிசுகள். அதே பிராடிகினின் நுரையீரலில் சேர்வதே இருமலுக்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. மாத்திரையை மாற்றினால் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் இருமல் நின்றுவிடும். சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகலாம். லோசார்டான், டெல்மிசார்டான் வகையில் இந்தத் தொல்லை அரிது. ஆனால் எனலாப்ரில் வகை சாப்பிடுபவருக்கு உதடோ நாக்கோ திடீரென்று வீங்கினால் அது வேறு விஷயம். அடுத்த வேளை மாத்திரையைத் தொடக்கூடாது, அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இந்த நோயின் பெரிய சிக்கலே, பிரஷர் பொதுவாக வலிக்காது என்பதுதான். மாத்திரைதான் தொந்தரவு தருகிறது. அதனால் மாத்திரையை நிறுத்தியவருக்கு உடம்பு தேறிவிட்டதாகவே தோன்றும்: கால் வற்றுகிறது, இருமல் நிற்கிறது, சுறுசுறுப்பு வருகிறது. உள்ளே 170, 180 என்று ஏறுவது தெரிவதில்லை. அட்டெனலால் போன்ற பிரஷர் மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் நெஞ்சுவலியே வரலாம். அடுத்த தடவை டாக்டர் கேட்கிறார்: “மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களாம்மா?” திட்டுவாரோ என்ற பயத்தில் “சாப்பிடுறேன் டாக்டர்” என்று பதில் வருகிறது. மருந்து போதவில்லை என்று நினைத்து அவர் அளவைக் கூட்டுகிறார். கூட்டத்தில் ஓர் ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைக்கும் ஓ.பி.யில் அந்த அம்மாவை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கேள்வியை இன்னும் கனிவாகக் கேட்கலாம். “மாத்திரை ஒத்துக்குதாம்மா, ஏதாவது தொல்லை குடுக்குதா?” என்று கேட்டால் உண்மை வெளியே வரும்.

நோயாளி பக்கத்திலும் செய்யக்கூடியது உண்டு. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதியில் ஆரம்பித்தது அல்லது கூடியது, தொல்லை எப்போது தொடங்கியது, காலையிலா சாயங்காலமா என்பதை மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி எடுத்துப் போகலாம். எழுந்து நிற்கும்போது கண் இருட்டுகிறது என்றால், படுத்திருக்கும்போதும் நின்ற பிறகும் பிரஷர் பார்க்கச் சொல்லலாம். அம்லோடிபினால் ஈறு தடிப்பதும் உண்டு என்பதால் பல் டாக்டரிடமும் மாத்திரையின் பெயரைச் சொல்ல வேண்டும்.

பக்க விளைவைப் பதிவு செய்ய இந்தியாவில் 2010 முதல் ஓர் அரசுத் திட்டமே நடக்கிறது. காஜியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதைக் கவனிக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியோ வீட்டாரோ நேரடியாகப் பேசலாம். எழுதித் தர விரும்புபவர்களுக்குத் தமிழிலேயே படிவம் இருக்கிறது.