டாப் கியரில் முப்பது வருஷம்!

மண்ணெண்ணெய் தொட்ட துணியால அழுத்தித் துடைச்சப்போ, பின் வீல் ஹப்புல முதல்ல 'ஸ்டர்மி ஆர்ச்சர்'னு எழுத்து தெரிஞ்சது. அடுத்து 'ஏ.டபிள்யூ'. பக்கத்துல 58, 4. அதாவது, 1958 ஏப்ரல்ல செஞ்ச ஹப். எங்க அப்பாவைவிட வயசு அதிகம்! நியாயமா நான் துள்ளிக் குதிச்சிருக்கணும். ஆனா, வயித்தைப் பிசைஞ்சது. காரணம், அந்த சைக்கிளை நான் வாங்கினது வெறும் 700 ரூபாய்க்கு.

கொஞ்சம் பின்னாடி போவோம். நமக்கு ஊர் அடி அண்ணாமலை. கிரிவலம் வந்தவங்களுக்குத் தெரியும்... அந்த 14 கிலோமீட்டர்ல மலைக்குப் பின்பக்கம், கால் ரெண்டும் கெஞ்ச ஆரம்பிக்கிற இடத்துல வர்ற ஊர். படிக்கிறது மெக்கானிக்கல், மூணாவது வருஷம். (அரியர் எத்தனைன்னு கேட்கிறவங்க அடுத்த பக்கத்துக்குப் போயிடலாம்!)

மார்கழி வந்தா ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோடு முழுக்க வெளிநாட்டுக்காரங்கதான். போன வருஷம் அதுல ஒருத்தர், டீக்கடை வாசல்ல நின்ன பால்காரர் சைக்கிளுக்கு முன்னாடி முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். ஏதோ வேண்டுதல்போலன்னு பக்கத்துல போனேன். "ராலே! நாட்டிங்காம்!"னு கண்ணு விரிய என் கையைப் பிடிச்சுக்கிட்டார். அவர் சொல்லித்தான் தெரியும்... நாட்டிங்காம்ல ராலே கம்பெனி ஃப்ரேம் செய்யறதை 1999-ல நிறுத்திடுச்சாம். 2002-ல அங்கே வண்டி பூட்டுறதும் நின்னுபோச்சு. கியர் ஹப் செஞ்ச ஸ்டர்மி ஆர்ச்சரோ 2000-லயே தைவான்காரங்க கைக்குப் போயிடுச்சு. அதனாலதான் பழைய வண்டிக்கு இவ்வளவு மவுசு.

அன்னிக்குப் பிடிச்சது சனி! ரோட்டுல யார் சைக்கிள்ல வந்தாலும் என் கண்ணு முதல்ல முன்னாடி இருக்கிற பேட்ஜுக்குத்தான் போகும். அதுல நாட்டிங்காம்னு இருந்தா சீமைச் சரக்கு. மேற்கு வங்கத்துல அசன்சோல்ல சென்-ராலேன்னு கம்பெனி வெச்சு இங்கேயே நிறைய செஞ்சிருக்காங்க, அதுவும் கெட்டியான வண்டிதான். பெடல் சக்கரத்தைப் பாருங்க, நாரைத் தலையை வெட்டி டிசைன் பண்ணியிருப்பாங்க. அதுல அழுக்கு ஏறிப்போய் பல பேருக்கு அது நாரைன்னே தெரியாது.

எங்க செட்டுல மொத்தம் நாலு பேர். காசு கை மாறுறது அபூர்வம், எல்லாம் பண்டமாற்றுதான். லூகாஸ் பெல்லுக்கு ஒரு டைனமோ, டைனமோவுக்கு ஒரு ஜோடி மட்கார்டு... இப்படி. அதுல எவன் எவனை ஏமாத்தினான்கிறதுதான் ராத்திரி கச்சேரியே.

இப்போ அந்த 700 ரூபாய் கதை. எங்க தெருக் கடைசியில ஒரு தாத்தா. மாட்டுக் கொட்டகையில, வைக்கோலுக்கு முட்டுக் கொடுத்து அந்த ராலே நின்னுச்சு. கம்பி பிரேக், தோல் சீட்டு, கேரியர்ல பஞ்சாயத்து வரி கட்டின காலத்துத் தகர டோக்கன்கூட அப்படியே! "ரெண்டு மூட்டை மல்லாட்டை குடுத்து ஒரு வாத்தியார்கிட்ட வாங்கியாந்தது. இப்போ பழைய இரும்புக்காரன் 600 சொல்றான். நீ நூறு ரூபா சேத்துக் குடுத்துட்டு எடுத்துக்கினு போப்பா"ன்னார். இதே மாதிரி ஒரு வண்டியை சென்னையில ஒருத்தர் 12,000 கொடுத்து வாங்கினதை நான் நேர்ல பார்த்திருக்கேன். கூட வந்தவன் இடுப்புல குத்தி, "மச்சி, பேசாம தூக்குடா"ன்னான். பேசாம தூக்கிட்டு வந்துட்டேன்.

வண்டி என்னைச் சும்மா விடலை. டயர் பிரச்னை இல்லை. 28-க்கு ஒன்றரை, வெளிநாட்டுல தேடி அலையற சைஸ் நம்ம ஊர்ல எந்தக் கடையிலயும் தொங்குது. பெடல் அச்சுக்குப் போடுற கப்தான் படுத்துச்சு. மத்த வண்டியில அங்குலத்துக்கு 24 மரைன்னா, ராலேவுக்கு மட்டும் 26. எந்தக் கப்பும் ஏறலை. கடைசியில செங்கத்துல ஒரு கடைக்காரர், என் டைனமோவை வாங்கிக்கிட்டுத்தான் பழைய கப்பைக் கண்ணுலயே காட்டினார்.

அப்புறம்தான் ஹப்பைத் துடைச்சேன். அது மூணு கியர் ஹப். பிளானட்டரி கியர்னு செமஸ்டர்ல மனப்பாடம் பண்ணின அதே சமாச்சாரம், உள்ளே எண்ணெயில ஊறிக்கிட்டு இருக்கு! முதல் கியர் நாலுல ஒரு பங்கு லேசு. மூணாவது, மூணுல ஒரு பங்கு வேகம். ஆனா கியர் கேபிள் அறுந்து தொங்குச்சு. இந்த ஹப்புல கேபிள் அறுந்தா வண்டி தானா மூணாவது கியருக்குப் போயிடும். தாத்தா வண்டியைக் கொடுக்கும்போது சொன்னது சட்டுனு ஞாபகம் வந்தது. "பால் கேனோட மேட்டுல ஏறினா நெஞ்சு அடைக்கும்பா. முட்டி போனதே இதாலதான்."

ரெண்டு நாள் தூக்கம் இல்லை. மூணாம் நாள் புது கேபிள் மாட்டி, வண்டியைத் தள்ளிக்கிட்டே போய் எல்லாத்தையும் சொன்னேன். 12,000-ங்கிறதையும் சேர்த்து.

தாத்தா கத்தலை. "அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும் தாத்தா."

கொஞ்ச நேரம் மாட்டையே பார்த்துக்கிட்டிருந்தார். அந்த நேரத்துக்கு எங்க ஹெச்.ஓ.டி. ரூம் எவ்வளவோ தேவலை. அப்புறம் எழுந்து வந்து ஹேண்டில் பாரைப் பிடிச்சு, கொட்டகையைச் சுத்தித் தள்ளினார். கியரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ரெண்டுலயும் மூணுலயும் டிக் டிக்னு சத்தம். "முப்பது வருசமா இது உள்ளயே கீதா?"ன்னார். ஏறிப் பாருங்கன்னு சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கிட்டேன். பாரைத் தாண்டிப் போட அவருக்குக் கால் வராது. பால் சொசைட்டிக்கே கேனைத் தூக்கிக்கிட்டு நடந்துதான் போறார்.

"எனக்கு பார் இல்லாத வண்டி ஒண்ணு பாரு"ன்னார். அவ்வளவுதான் பேரம்.

பார் இல்லாத வண்டி எங்க வீட்டுலயே இருந்தது. அக்காவோட பி.எஸ்.ஏ. லேடிபேர்டு, ரோஸ் கலர்! தாத்தாவைச் சமாளிச்சதைவிட அக்காவைச் சமாளிக்கிறதுதான் கஷ்டம். ஹெட்போனைப் பறிகொடுத்தேன், ஆறு மாசத்துக்கு மாவு அரைக்கிற வேலையும் என் தலையில. அதுக்கு மேல தாத்தாவுக்கு 3,000 ரூபாய் தர்றதா பேச்சு. (இந்தக் கட்டுரைக்கு வர்ற பணம் அவருக்குத்தான், எடிட்டர் சார் கவனிக்கவும்!) கூட்டிப் பார்த்தா 12,000 வரலைதான். கேட்டேன். "கேபிள் மாட்டின கூலி கழிச்சுக்கினேன்"னு சிரிச்சார். எனக்கு இன்னும் கணக்கு உதைக்குது.

போன வாரம் சாயங்காலம், ராலேல மலையைச் சுத்திக்கிட்டு இருந்தேன். கேபிளைச் சரியா டைட் பண்ணலைபோல, ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல கியர் மாட்டிக்கிட்டுப் பெடல் சும்மா சுத்துது. பின்னாடி பெல் சத்தம். முன்கூடையில பால் கேன், வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ரோஸ் கலர் லேடிபேர்டுல தாத்தா!

"இன்னாப்பா, கியர் வெச்சிருந்தும் இம்மாத்தானா?"ன்னு கேட்டுக்கிட்டே என்னைத் தாண்டிப் போயிட்டார்.