விளிம்புத் தோட்டா

இத்தலைப்பைக் கண்டு வாசகர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். கவிதையும் நாவலும் பேசுமிடத்தில் துப்பாக்கிக்கு என்ன வேலை? ஆனால் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் வாழும் எங்களால் அக்கேள்வியை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை. எங்கள் மகளுக்கு வயது பதின்மூன்று. அவளுடைய தோழியர் வீடுகளில் துப்பாக்கி, மண்வெட்டியைப் போல ஒரு புழங்குபொருள். அதனிடமிருந்து அவளை விலக்கி வைப்பதா, முறையாகப் பழக்குவதா என்று ஓராண்டு விவாதித்துப் பின்னதைத் தேர்ந்தோம்.

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்கள் 'பாயிண்ட் டூ டூ' துப்பாக்கியை அறிவர். இங்கும் தொடக்கம் அதுதான். .22 லாங் ரைஃபிள் என்ற இத்தோட்டா 1887இல் வந்தது. பெரிய தோட்டாக்களில் அடிப்புறத்தின் நடுவே பற்றவைக்கும் சிறு குமிழ் தனியே பொருத்தப்பட்டிருக்கும். இதிலோ பற்றவைக்கும் கலவை, பித்தளைக் கூட்டின் விளிம்புக்குள்ளேயே இடப்பட்டிருக்கிறது. ஊசி விளிம்பை நசுக்கினால் வெடிக்கும். மலிவும் இதனால்தான், குறையும் இதனால்தான். கலவை விளிம்பைச் சுற்றிச் சீராகப் பரவாத தோட்டா சில வேளைகளில் வெடிக்காது. அப்போது குழலைத் திருப்பாமல், முப்பது விநாடியாவது இலக்கை நோக்கியே பிடித்திருக்க வேண்டும். நாங்கள் மகளுக்கு முதலில் கற்பித்தது சுடுவதை அல்ல, இந்தக் காத்திருப்பை.

கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது ரூகர் 10/22. 1964 முதல் விற்பனையில் உள்ளது. சுழல்வகைப் பெட்டியில் பத்துத் தோட்டாக்கள், எடை ஏறத்தாழ இரண்டேகால் கிலோ. குறை சொல்ல இயலாத பொருள். அடுத்தது ஏஆர்-7. யூஜின் ஸ்டோனரின் வடிவமைப்பிலிருந்து வந்த இத்துப்பாக்கியைப் பிரித்துத் தன் கட்டைக்குள்ளேயே அடக்கிவிடலாம், எடை ஒன்றரைக் கிலோ சொச்சம். கையில் எடுத்ததும் எங்களுக்கு ஆசை வந்தது, ஒளிப்பானேன்! ஆனால் எடை குறையக் குறைய, நின்று சுடுபவரின் கைநடுக்கம் அப்படியே குழல் முனைக்குப் போய்ச்சேருகிறது. முதுகில் சுமக்கும்போது வரமாக இருக்கும் இலேசு, குறி பார்க்கும்போது பகையாகிவிடுகிறது.

இவை இரண்டும் தாமே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்பவை. வேகம் குறைந்த தோட்டாவைப் போட்டால் அந்த இயக்கம் சில சமயம் பாதியில் சிக்கும். போல்ட் வகையில் ஒவ்வொரு தோட்டாவையும் கையால்தான் ஏற்ற வேண்டும். சிக்குவதற்கு வாய்ப்புக் குறைவு. அதைவிட முக்கியம், ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஒரு நிறுத்தம் கிடைக்கிறது. குழந்தையின் கையில் இருக்கும் கருவிக்கு அந்த நிறுத்தமே பெரிய நம்பகத்தன்மை என்று எங்களுக்குப் பட்டது. ரூகர் அமெரிக்கன் ரிம்ஃபயர் வரிசையில் கட்டை குட்டையான காம்பாக்ட் வகையைத் தேர்ந்தோம். சுமார் இரண்டரை கிலோ.

சட்டம் பற்றி ஒரு சொல். வேலை விசாவில் இங்கிருக்கும் நம்மவர்கள், நண்பர் அழைத்தார் என்று துப்பாக்கியைக் கையிலெடுக்குமுன் யோசிக்க வேண்டும். வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாவிடில் அது மத்தியச் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு அத்தடை இல்லை.

நகருக்கு வெளியே, சுட அனுமதியுள்ள பொது நிலத்தில், பின்னால் உயர்ந்த மண்மேடு இருக்கும் இடமாகப் பார்த்துத் தகரக் குவளைகளைச் சுடுகிறோம். இரண்டரை கிராம் ஈயம்தானே என்று எண்ணலாகாது. ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று தோட்டாப் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். இப்பகுதியில் பலர் தரை அணில்களைச் சுடுகிறார்கள், நாங்கள் சுடுவதில்லை. பாய்சி நகரின் தெற்கே ஸ்நேக் ஆற்றுப் பள்ளத்தாக்கில், வல்லூறுகளும் கழுகுகளும் கூடுகட்டும் பகுதி பாதுகாக்கப்பட்டு வருகிறது. சுட்டு வீசப்பட்ட அணிலைத் தின்னும் பறவையின் உடலில் ஈயமும் சேர்கிறது.

எங்கள் விவாதம் ஓராண்டு நீண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. இவ்வூரிலிருந்து சுமார் மூன்று மணி நேரப் பயணத்தில் கெட்சம் என்ற சிற்றூர். 1961 ஜூலை 2 அன்று ஹெமிங்வே அங்கே தம் வீட்டில் துப்பாக்கியால் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் மனநிலை அறிந்த மனைவி மேரி, துப்பாக்கிகளை நிலவறையில் வைத்துப் பூட்டித்தான் இருந்தார். சாவி சமையலறைச் சன்னல் விளிம்பில் இருந்தது. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள் என்பதும் எங்களுக்குத் தெரியும். வளரும் பிள்ளை இருக்கும் வீட்டில், மனச்சோர்வு யாரையும் எப்போதும் அண்டலாம், எங்களையும் சேர்த்து.

ஆகவே முதலில் வாங்கியது இரும்புப் பெட்டி. எண்பூட்டு உடையது, சாவி கிடையாது. போல்ட்டைக் கழற்றித் தனியே வைக்கிறோம். தோட்டாக்கள் வேறு அறையில், வேறு பூட்டில். எங்களில் ஒருவருக்குப் பெட்டியின் எண் மட்டும் தெரியும், மற்றவருக்குத் தோட்டாப் பூட்டின் எண் மட்டும். துப்பாக்கி இரண்டு வாரம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தது.