மாசியில் நடும் கிழங்கு

மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பர் நம்மவர். இங்கிலாந்திலோ அக்காலத்தில் மண்ணே கல்லாய் இறுகிக் கிடப்பதுண்டு. எனினும் பெப்ரவரி நடுப்பகுதி வந்ததும் அந்நாட்டுத் தோட்டப்பொருட் கடைகளில் வண்ணப்படம் ஒட்டிய சிறு பைகள் வரிசையாய்த் தொங்கத் தொடங்குகின்றன. படத்தில் இருப்பது பூ. பையில் இருப்பது மரத்தூள் அப்பிய, சுருங்கிய, அழகென்று சொல்லத் தகாத ஒரு கிழங்கு. படத்தை நம்பிக் கிழங்கை வாங்குவோர் ஏமாறுவர். கிழங்கைத் தொட்டுப் பார்த்து வாங்கவேண்டும்.

கிழங்கு என்ற ஒரே சொல்லில் தமிழர் அடக்கிவிட்டதைத் தாவரவியலார் பலவாகப் பிரிப்பர். லிலி குமிழ், கிளாடியோலஸ் தண்டுக்கிழங்கு, டேலியா வேர்க்கிழங்கு. இப்பிரிவு பரீட்சையோடு மறக்கத்தக்கது என்பாரும் உளர். தோட்டஞ் செய்வோர்க்கோ அது கைப்பணத்தோடு தொடர்புடைய விடயம். லிலிக் குமிழுக்கு வெங்காயத்துக்கு உள்ளது போன்ற காய்ந்த புறத்தோல் இல்லை; ஆதலால் காற்றுப் பட்டால் விரைவில் வாடும். செதில்கள் நெருங்கி, கையிற் பாரமாய் இருப்பதைத் தெரிந்து, மண் உறையாதிருப்பின் காலந்தாழ்த்தாது நடவேண்டும். கிளாடியோலஸில் அகன்று தட்டையானதினும் உயரத் தடித்ததே நன்று. டேலியாவின் விரல்கள் எத்துணை பருத்திருப்பினும், பழைய தண்டின் அடிக்கழுத்தில் ஒரு கண்ணேனும் இல்லையாயின் முளை வராது. பிகோனியாவைக் குழிந்த பக்கம் மேல்நோக்க வைக்கவேண்டும். புதியவர் இதனை மாற்றி வைப்பதுண்டு.

டியூலிப்பும் டபோடிலும் இப்பட்டியலில் இல்லாமைக்குக் காரணம் உண்டு. அவை நீண்ட குளிரை உண்டே பூக்க வல்லவை; இலையுதிர் காலத்திலேயே மண்ணுக்குள் போய்விட வேண்டியவை. மாசிக்குரியவற்றுட் பல வெப்பநாடுகளின் பிள்ளைகள். டேலியா மெக்சிக்கோ மலைநாட்டிலிருந்து 1789இல் மட்ரிட் அரச பூங்காவுக்கு வந்தது. இன்றைய தோட்டக் கிளாடியோலஸின் முன்னோர் பெரும்பாலும் தென்னாபிரிக்கர். உறைபனி பட்டால் டேலியாவும் பிகோனியாவும் கருகும். எனவே அவற்றைச் சட்டியிலிட்டு, கண்ணாடிக்குள் ஒரு பொய் வேனிலை உண்டாக்கி முளைக்க வைத்து, மே மாத இறுதியில் வெளியே கொண்டுபோவர். காலத்தை ஏமாற்றும் இவ்வித்தையை அந்நாட்டார் மிகுந்த பொறுமையோடு செய்கின்றனர்.

அப்பைகளினிடையே ‘குளோரியோசா’ என்ற பெயரோடும் ஒன்று தொங்கும். நம் கார்த்திகைப் பூ அது. சங்கத்தார் கூறிய காந்தள். குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் 99 மலர்களை அடுக்கும்போது முதலில் நிறுத்துவது இதனையே. கிழக்கு இலண்டனில் மகளோடு வாழும் யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவர், ஊரில் எவரும் நடாமலே வேலியில் ஏறிய இக்கொடியைக் காசு கொடுத்து வாங்கி வந்தார். வீட்டில் மூன்று வயதுப் பேரன் ஒருவன் உண்டு.

“அம்மா, இவன் கண்டதையும் வாயில வைக்கிறவன். உது வேண்டாம்” என்றாள் மகள்.

“ஊரில வேலியெல்லாம் நிண்டது பிள்ளை. நாங்கள் என்ன வாயிலயே வைச்சனாங்கள்?”

“ஊரில உங்களுக்கு உது நஞ்செண்டு சொல்லித்தர ஆக்கள் இருந்தவை.”

மகளின் அச்சம் வீணன்று. காந்தளின் எல்லாப் பாகங்களிலும் கோல்சிசின் என்னும் நஞ்சு உண்டு. கிழங்கிலும் விதையிலும் மிகுதி. மூட்டுவாத நோய்க்கு மிகச் சிறிய அளவில் மருந்தாகும் அதே பொருள், அளவு மீறினால் உயிரைக் கொல்லும். கிழங்கோ வற்றாளைக் கிழங்கின் குட்டியைப் போன்று கண்ணை மயக்குவது. சமையலறைப் பக்கம் வைக்கத்தக்க பொருளன்று.

மூதாட்டி மறுமொழி கூறவில்லை. இரண்டு நாட்கள் அந்தப் பை அலுமாரியின் உச்சியிற் கிடந்தது. மூன்றாம் நாள் கையுறை அணிந்து, மேல்மாடியில் தம் அறைக்குள்ளேயே, ஆழமான சட்டியொன்றில் அதனைப் படுக்கையாக வைத்து இரண்டங்குலம் மண்ணிட்டு மூடினார். நுனியிலுள்ள முளை ஒடிந்தால் அக்கிழங்கு வீண் என்பதை அவர் அறிவார். அறைக் கதவுக்கு உயரத்தில் ஒரு கொளுக்கி பூட்டப்பட்டது. ஊரில் மாரி மழையோடு எழுந்து கார்த்திகையிற் பூப்பது இங்கே மாசியில் நடப்பட்டு ஆடியிலேதான் பூக்கும். அப்போதும் அதனைக் கார்த்திகைப் பூ என்றே அழைப்பதா என்று மகள் கேட்டதற்கு, வேறென்ன சொல்லி அழைப்பது என்றார்.

மார்ச் மாதம் முடியும்வரை சட்டியில் ஒன்றுந் தெரியவில்லை. பேரன் நாள்தோறும் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று பார்ப்பான். உள்ளே இருப்பது என்ன, அதைத் தொட்டால் என்ன ஆகும் என்று அவர் ஒவ்வொரு நாளும் கேட்பார். அவன் ஒவ்வொரு நாளும் சரியாகவே சொல்வான்.